நிறுத்தக் கற்ற ஒன்றரை வருடம்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், கிளெண்டேலில் ஒரு வீட்டு கராஜ். வாஷிங் மெஷினுக்கும் பழைய சோபாவுக்கும் நடுவே ட்ரம் செட். 2017 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நான்கு பேர் அங்கே உட்கார்ந்து, சிஸ்டம் ஆஃப் எ டவுன் என்ற மெட்டல் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாக வாசித்துப் பழகுவது என்று முடிவு செய்தோம். 13 பாட்டு, மொத்தம் 40 நிமிடம் சொச்சம். நான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். ஒன்றரை வருடம் ஆனது.

நான் கும்பகோணத்துக்காரன். சின்ன வயதில் ஆறு வருடம் வயலின் படித்தேன், திருச்சியில் கல்லூரி விடுதியில் கிதார் பழகினேன். இந்த ஆல்பமும் விடுதியில்தான் கைக்கு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த சிடி, மேலே பெயர்கூட இல்லை. பதினைந்து வருடம் கழித்து வேலை நிமித்தமாக பர்பேங்க் பக்கம் வந்து, வாடகை கட்டுப்படியாகிறது என்று பக்கத்து ஊரான கிளெண்டேலில் குடியேறினேன். அந்த ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆர்மீனியர்கள் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. ரொட்டிக்கடைப் பலகையில் ஆர்மீனிய எழுத்து, மருந்துக்கடையில் ஆர்மீனியப் பேச்சு. மாடி வீட்டுக்காரர் ட்ரம்மர். ஏழு வயதில் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து வந்தவர். அவருக்குத் தெரிந்த ஒருவர் பாடகர். அவருடைய குடும்பம் பெய்ரூட்டிலிருந்து வந்தது. பேஸ் கிதார் வாசித்தவர் பள்ளி ஆசிரியை, மெக்சிகோ வழிக் குடும்பம். இப்படிச் சேர்ந்தோம்.

ஆல்பத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1998 ஜூன் 30 அன்று வெளிவந்தது. ரிக் ரூபின் தயாரிப்பு. வான் நைஸ் பகுதியில் இருக்கும் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். எங்கள் கராஜிலிருந்து அங்கே அரை மணி நேரத்தில் காரில் போய்விடலாம். இசைக்குழுவின் நான்கு பேரும் ஆர்மீனியர்கள். பாடகர் செர்ஜ் டாங்கியன் பெய்ரூட்டில் பிறந்தவர், ட்ரம்மர் ஜான் டோல்மயானும் லெபனானில் பிறந்தவர், பேஸ் வாசிக்கும் ஷாவோ ஓடாட்ஜியன் யெரெவானில் பிறந்தவர். கிதார் வாசிக்கும் டாரன் மலாக்கியன் மட்டும் லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்தார். டாங்கியன் அதற்கு முன்னால் நகைக்கடைகளுக்குக் கணக்கு வைக்கும் மென்பொருள் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தவர். ஆல்பத்தில் இருக்கும் பல பாட்டுகள் 1995இலிருந்தே டெமோ கேசட்டுகளில் சுற்றிக்கொண்டிருந்தவை. அதாவது பதிவுக்குப் போகும் முன்பே மேடையில் இரண்டு மூன்று வருடம் அடித்துத் துவைத்து உலர்த்திய பாட்டுகள். இந்த ஒரு விவரத்தை நாங்கள் முதலிலேயே மனதில் வாங்கியிருந்தால் நான்கு மாதக் கணக்கைப் போட்டிருக்க மாட்டோம்.

முதல் தடங்கல் தந்தியில்தான். இந்த ஆல்பம் ட்ராப் சி ட்யூனிங்கில் வாசிக்கப்பட்டது. கிதாரின் ஐந்து தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி, தடித்த ஆறாவது தந்தியை இரண்டு ஸ்வரம் இறக்க வேண்டும். தடித்த பக்கத்திலிருந்து சொன்னால் சி, ஜி, சி, எஃப், ஏ, டி. நான் கடையில் கிடைக்கும் சாதாரண 10-46 தந்தி செட்டைப் (எண்கள் தந்தியின் தடிமனைச் சொல்பவை) போட்டுக்கொண்டே இறக்கினேன். தந்தி கொடித்துணி மாதிரி தொங்கியது. அழுத்திப் பிடித்தால் சுருதி மேலே ஏறும், ஓங்கி அடித்தால் இன்னும் ஏறும். 12-56 செட் மாற்றியதும் பாதிப் பிரச்சினை போனது. மீதிப் பாதியைத் தீர்க்க ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். புதுத் தந்தியின் இழுவிசைக்கு ஏற்றபடி கழுத்தைச் சரிசெய்யாமல் தந்தியை மட்டும் மாற்றித் திருப்பித் தந்துவிட்டார்கள். பணம் போனதில் வருத்தம்தான், ஆனால் அதனால் நானே கற்றுக்கொண்டேன். தந்தியைத் தடிமனாக்கினால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் 12ஆவதில், அதாவது 12ஆவது ஃப்ரெட்டில், தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் பார்க்க வேண்டும். அழுத்தினால் ஏறிப் பேசுகிறது என்றால் கிதாரின் உடல்மேல் தந்திகள் உட்காரும் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் சிறு கட்டையைப் பின்னால் தள்ள வேண்டும். ஆறு தந்திக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை. தடித்த தந்தி, கழுத்தின் தலைப்பக்கத்தில் இருக்கும் நட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை என்றால் மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதை அதிகமாக அராவிவிட்டால் திரும்ப வராது. பேஸுக்கும் இதே கதைதான். வழக்கமான 105 தந்தி சியில் தளர்ந்துபோகும், அதைவிடத் தடித்தது வேண்டும்.

சரி, சுருதி சேர்ந்தது. அடுத்து சத்தம்.

ஆல்பம் காதில் மலை மாதிரி விழுகிறது. அதே கனம் வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழை எட்டுக்கு மேல் வைத்தேன். நடு ஒலியை அடியோடு குறைத்து, அடியையும் உச்சியையும் ஏற்றினேன். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அபாரமாக இருந்தது. கராஜில் நான்கு பேர் சேர்ந்ததும் என் கிதார் காணாமல் போய்விட்டது. பேஸும் ட்ரம்ஸும் சிம்பலும் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டன. எனக்கு மிஞ்சியது ஒரு இரைச்சல். இன்னும் சத்தம் கூட்டினேன். மற்றவர்களும் கூட்டினார்கள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

பேஸ் வாசித்த ஆசிரியைதான் போனில் பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம் என்றார். கராஜின் மூலையில், ட்ரம்ஸிலிருந்து முடிந்தவரை தள்ளி, போனைத் துணிமேல் வைத்தோம். முதல் பாட்டைப் போட்டுக் கேட்டபோது எங்களுக்கே எங்கள் பாட்டு அடையாளம் தெரியவில்லை. பிறகு ஆல்பத்தின் அதே பாட்டை ஒரு சாதாரண சின்ன ஸ்பீக்கரில் போட்டோம். அப்போதுதான் பிடிபட்டது. ஆல்பத்தில் கிதார் அவ்வளவு நிற்காமல் ஒலிக்கவே இல்லை. அடிக்கிறது, நிற்கிறது. அடிக்கிறது, நிற்கிறது. நான்கு பேரும் ஒரே கணத்தில் நிறுத்துகிறார்கள். அந்த வெட்டு விழும் இடத்தில்தான் அடுத்த அடி மலையாக வந்து விழுகிறது.

கும்பகோணத்தில் என் வயலின் வாத்தியார் கார்வை என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு ஜதிக்கும் அடுத்த ஜதிக்கும் நடுவில் விடும் இடம். அந்த இடத்தையும் கணக்கில் எண்ண வேண்டும், எண்ணாமல் விட்டால் அது கார்வை இல்லை, மறதி என்பார். முப்பது வருடம் முன்னால் கேட்டது. அதை கலிஃபோர்னியாவில் ஒரு மெட்டல் பாட்டுக்காக எடுத்து உபயோகிப்பேன் என்று நினைத்ததில்லை. ஆனால் வேறெதுவும் எங்களுக்கு இவ்வளவு உதவவில்லை. ஒவ்வொரு பாட்டையும் வாத்தியத்தை எடுக்காமல் வாயால் சொன்னோம். அடி விழும் இடத்தில் தகதிமி, நிறுத்தும் இடத்தில் கையைத் தட்டாமல் விரலை மட்டும் மடிப்பது. சர்க்கஸ் கூடார வால்ட்ஸ் மாதிரி சுழலும் ஒரு பாட்டு இந்த ஆல்பத்தில் உண்டு, பீப்ஹோல். அதற்குத் தகிட தகிட. என் மூன்று நண்பர்களும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ட்ரம்மர் இன்றைக்கும் அப்படித்தான் எண்ணுகிறார்.

நிறுத்துவது எண்ணிக்கையால் மட்டும் வராது, கையாலும் வர வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜுக்கு ஒட்டித் தந்திமேல் வைத்தால் நாதம் அமுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கெயின் அதிகமாக இருந்தால் அந்த ஒரு கை போதாது. கிதார் கிசுகிசுத்துக்கொண்டே இருக்கும். இடது கை விரல்களும் அழுத்தத்தை விட வேண்டும், ஆனால் தந்தியை விட்டு எழக்கூடாது. இரண்டு கையும் சேர்ந்து ஒரே நொடியில் படுத்தால்தான் வெட்டு சுத்தமாக விழும். இதை மட்டும் தினமும் பத்து நிமிடம், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒரு அடி, ஒரு நிறுத்தம் என்று பழகினேன். இரைச்சலை வெட்டும் நாய்ஸ் கேட் பெடல் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பெடல் நாதத்தின் வாலை வெட்டித் தரும், ஆனால் உங்கள் கை எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. கெயினை ஐந்துக்குக் கீழே இறக்கி, நடு ஒலியைத் திரும்ப ஏற்றினேன். வீட்டில் தனியாகக் கேட்டால் மெலிந்து ஒலித்தது. கராஜில் முதல் முறையாக என் கிதாரின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

வயலின் படித்ததால் இன்னொன்றும் காதில் பட்டது. பாடகரின் குரல் சில இடங்களில் ஷட்ஜத்துக்கு மேல் அரை ஸ்வரம் ஏறி, அங்கேயே உரசிக்கொண்டு நின்று, பிறகு இறங்குகிறது. சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் ஆரம்பித்த எந்தக் குழந்தைக்கும் அந்த ச-ரி உரசல் தெரியும். அதற்காக இது ராகம் என்று சொல்ல வரவில்லை. அவர்களுடைய வழி வேறு, ஆர்மீனியத் தேவாலயமும் நாட்டுப்பாட்டும் கலந்த வழி. ஆனால் அந்த உரசலைப் பியானோக் கட்டை மாதிரி தனித்தனியாக வைக்காமல் கொஞ்சம் இழைத்து வாசித்தால்தான் பாட்டோடு ஒட்டுகிறது. இதைப் பாடகரிடம் காட்டியதும் அவர் சிரித்துவிட்டு, தன் அம்மா சமையலறையில் பாடுவது இப்படித்தான் என்றார்.

அவருடைய குரலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டாங்கியன் ஒரே வரியில் ஓபராப் பாடகர் மாதிரி நிமிர்ந்து பாடி, அடுத்த வரியில் தொண்டையைக் கிழித்துக் கத்துகிறார். கேட்பதற்குத்தான் அது கிழிப்பு. எங்கள் நண்பர் அதை நிஜமாகவே கிழித்துப் பாடினார். மூன்றாவது மாதம் குரல் கட்டிக்கொண்டது. கிசுகிசுப்பாகப் பேசி ஓய்வு கொடுக்கிறேன் என்று நினைத்தார், அதுவும் குரல் நாண்களுக்கு வேலைதான் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் முழு மௌனத்துக்குப் போனார். மூன்று வாரம். பிறகு ஒரு குரல் ஆசிரியரிடம் சேர்ந்தார். அந்தக் கரகரப்பைக் குரல் நாண்களை இறுக்கி எடுக்கக்கூடாது, அவற்றுக்கு மேலே இருக்கும் மடிப்புகளைக் கொண்டுவர வேண்டும், அதற்கு வயிற்றிலிருந்து வரும் மூச்சு சீராக இருந்தால் போதும், உரத்துக் கத்தவே வேண்டாம் என்று அங்கே கற்றார். அவர் கற்றுக்கொண்ட பிறகு நேரில் நின்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: பயங்கரமான கத்தல், ஆனால் பக்கத்து அறையில் டிவி பார்க்கலாம், அவ்வளவு சின்ன சத்தம். பெரிதாக்குவது மைக்கின் வேலை. தொண்டையில் கூச்சமோ வலியோ தெரிந்த கணத்திலேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஒத்திகையை இழந்தால் பரவாயில்லை.

காதைப் பற்றியும் அப்படித்தான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு; ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். போன் செயலியில் அளந்தபோது எங்கள் கராஜ் 100ஐத் தாண்டியது. நாங்கள் இரண்டு மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தோம். என் இடது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் 2018 தொடக்கத்தில் வந்தது, இன்னும் போகவில்லை. இரவில் விளக்கை அணைத்ததும் கேட்கும். இசைக்காரர்களுக்கென்று ஒலியைச் சமமாகக் குறைக்கும் காதடைப்பான் இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கிறது. நுரை அடைப்பானில் எல்லாம் மந்தமாகிவிடுகிறது என்று கழற்றி வைப்பவர்கள் இதை வாங்குங்கள். முதல் ஒத்திகைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கடைசிப் பாட்டு. ப்ளக் என்று அதற்குப் பெயர். 1915இல் ஓட்டோமான் பேரரசில் கொல்லப்பட்ட பதினைந்து லட்சம் ஆர்மீனியர்களுக்கு அந்தப் பாட்டைக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். ஆல்பம் வந்த 1998இல் அமெரிக்க அரசு அதை இனப்படுகொலை என்று அதிகாரபூர்வமாகச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட 2019 இறுதி வரை ஆனது. முதல் ஆல்பம் போடும் ஒரு குழு, எல்லோரும் வானொலியில் வர வேண்டும் என்று ஏங்கும் நேரத்தில், ஆல்பத்தின் கடைசி இடத்தை இதற்கு ஒதுக்கியது. அட்டைப்படத்துக்கும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள்: 1928 தேர்தலில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஜான் ஹார்ட்ஃபீல்ட் செய்த சுவரொட்டியின் விரிந்த கை. பட்டியல் எண் ஐந்துக்கு ஓட்டுப் போடச் சொன்ன கை அது. ஐந்து விரல், எட்டிப் பிடிக்க வருகிற மாதிரி. விடுதியில் எனக்குக் கிடைத்த சிடியில் இந்த அட்டையும் இல்லை, அந்தக் காணிக்கையும் இல்லை. பதினைந்து வருடம் அந்தப் பாட்டை வெறும் வேகமாகத்தான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், ஒரு ஆல்பத்தை வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அட்டையும் உள்தாளும் சேர்ந்த பிரதியை எப்படியாவது கையில் எடுங்கள்.

ட்ரம்மரின் பாட்டி அந்த வீட்டில்தான் இருந்தார். ஆர்மீனிய மொழியில் பாட்டியை தாத்திக் என்கிறார்கள். எனக்கு நாக்கில் சுலபமாக வந்தது, நானும் அப்படியே கூப்பிட்டேன். 2018 ஏப்ரல் 23 அன்று யெரெவானில் மக்கள் தெருவில் இறங்கி நின்றதில் பிரதமர் செர்ஜ் சர்க்சியான் பதவி விலகினார். ஒத்திகைக்குப் போனபோது தாத்திக் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், உட்காரவில்லை. அன்று யாரும் வாசிக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, எனக்கு ஆப்ரிகாட் ஜாம் போட்டு டீ கொடுத்தார். நாளைக்கு என்ன நாள் தெரியுமா என்று பேரன் வழியாகக் கேட்டார். தெரியும் என்றேன். ஏப்ரல் 24 ஆர்மீனிய இனப்படுகொலை நினைவு நாள்; கிளெண்டேலில் பொதுப்பள்ளிகளுக்கே விடுமுறை.

1915இல் அந்த நாளில் இஸ்தான்புல்லில் ஓட்டோமான் அரசு பிடித்துக்கொண்டு போன ஆர்மீனியர்களில் கோமிதாஸ் என்ற பாதிரியாரும் ஒருவர். ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான நாட்டுப்பாடல்களைச் சேர்த்து எழுதி வைத்தவர். உயிரோடு திரும்பினார், ஆனால் மனம் உடைந்துபோய் அதற்குப் பிறகு இசையமைக்கவே இல்லை. 1935இல் பாரிஸில் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். அவர் எழுதி வைத்தவற்றில் ஒன்று, பறந்து வரும் நாரையிடம் ஊரிலிருந்து செய்தி உண்டா என்று கேட்கும் பாட்டு. தாத்திக் அதை முணுமுணுத்துக் காட்டினார். செங்கால் நாரையைத் தன் மனைவியிடம் தூது போகச் சொன்ன நம் சத்திமுத்தப் புலவரைப் பற்றி நான் சொன்னேன். பேரன் மொழிபெயர்த்ததும், அந்தப் புலவர் வீட்டுக்குத் திரும்பினாரா என்று கேட்டார்.

அடுத்த வருடம் ஏப்ரல் 24, புதன்கிழமை. விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு மான்டிபெல்லோ போனேன். பிக்னெல் பூங்காவில் எட்டுத் தூண்கள் வளைந்து மேலே சேரும் இனப்படுகொலை நினைவுச்சின்னம், 1968இல் எழுப்பியது. ஆயிரக்கணக்கில் கூட்டம். தாத்திக்கின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். தூணடியில் பூவை வைத்துவிட்டு ஒவ்வொருவரும் சிறிது நேரம் அசையாமல் நிற்கிறார்கள், பிறகு அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. எங்கள் பாடகர் மற்றவர்களைவிட நெடுநேரம் நின்றார்.

அந்த ஞாயிறு கராஜில் 12 பாட்டையும் வாசித்து முடித்து, கடைசிப் பாட்டுக்கு வந்தோம். அதைத்தான் எப்போதும் தவறாமல் வாசிப்போம், அதனால் கொஞ்சம் ஓட்டிக்கொண்டே போவது வழக்கம். ட்ரம்மர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, மெட்ரோனோமை எடுத்து ஆல்பத்தோடு வைத்துப் பார்த்தார். நாங்கள் ஒன்றரை வருடமாக அதை ஆறு எண் வேகமாக வாசித்து வந்திருக்கிறோம். ஆறையும் குறைத்தார். நிறுத்தங்களை மறுபடி விரலை மடித்து எண்ணினோம், இரண்டு தடவை, வாயால் மட்டும். பாடகர் மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். அப்புறம் வாசித்தோம். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் தாத்திக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.